இருமுறை எழுந்த ‘ஹெல்சிங்’

கோட்டா ஹிரானோ 1997இல் தொடங்கிய ‘ஹெல்சிங்’ என்னும் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இங்கிலாந்தை இரத்தக் காட்டேரிகளிடமிருந்து காக்கும் ஓர் இரகசிய அமைப்பையும், அதன் தலைவி இன்டெக்ராவுக்கு அடிபணிந்து தன் இனத்தையே வேட்டையாடும் அலுகார்ட் என்னும் காட்டேரியையும் மையமாகக் கொண்டது. கோன்சோ நிறுவனம் 2001இல் இதனை 13 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி அனிமேஷன் தொடராக்கியபோது மூலக்கதை முடிவுறாதிருந்ததால், இன்காக்னிட்டோ என்னும் புதிய எதிரி படைக்கப்பட்டு, கதை வேறு திசையில் சென்று முடிந்தது.

தொலைக்காட்சியில் வெளியாவதற்கென்றன்றி வட்டுகளில் நேரடியாக விற்பதற்கென உருவாக்கப்படும் ‘ஓவிஏ’ வடிவில், 2006 முதல் 2012 வரை 10 பகுதிகளாக வெளிவந்த ‘ஹெல்சிங் அல்டிமேட்’, மூலத்தைப் பெரிதும் பின்பற்றி, எஞ்சிய நாஜிகளின் ‘மில்லேனியம்’ படை இலண்டனைச் சூறையாடுவதைக் குருதி தெறிக்கக் காட்டுகிறது. முந்தைய தொடரின் மங்கிய ஒளியும் யசுஷி இஷியின் இசையும் உருவாக்கும் அச்சவுணர்வு தனிச் சிறப்புடையதேயாயினும், அலுகார்டின் கொடூரத்துக்குப் பின்னுள்ள, மனிதனாக வாழ இயலாமற்போன வெறுமையை முழுமையாக வெளிப்படுத்துவதால், மறுவாக்கமே மேலான படைப்பாகும். எனினும் அதன் வன்முறை முதிர்ந்த பார்வையாளர்களுக்கு மட்டுமே ஏற்றது.