பழைய வீட்டின் உருகிப் பெட்டியைப் புதுப்பித்தல்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை ஊடாக இல்லுக்கும்புறை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் அமைந்துள்ளது. மூடுபனியும் மழையும் மிகுந்த இப்பிரதேசத்திலே பழைய வீடொன்று உள்ளதெனக் கொள்வோம். அதன் சுவரில் இருப்பவை பிரதான ஆளியும் பீங்கான் உருகிகளும் மாத்திரமே. இவை போதுமானவையா?

1. உருகி காப்பது கம்பியை

5 அம்பியர் உருகியுள்ள சுற்றில் 2300 வாற்றுக் கேத்தலையும் 1150 வாற்று மின்னழுத்தியையும் ஒருங்கே தொடுத்தால்,

மின்னோட்டம் = வலு ÷ அழுத்த வேறுபாடு
= 3450 ÷ 230
= 15 அம்பியர்

உருகிக்கம்பி உருகிச் சுற்றைத் துண்டிக்கும். அதற்குப் பதிலாகத் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றிவைத்தால் சுற்று துண்டிக்கப்படாது. மின்னோட்டம் 3 மடங்காகும்போது கம்பியில் பிறக்கும் வெப்பம் 9 மடங்காகும். காவலி உருகித் தீப்பற்றலாம்.

2. உருகி மனிதரைக் காக்காது

ஈரக்கையால் உயிர்க்கம்பியைத் தொடுபவரின் உடற்றடை 1000 ஓம் எனக் கொள்க.

மின்னோட்டம் = 230 ÷ 1000 = 0.23 அம்பியர் (230 மில்லியம்பியர்)

இதனால் 5 அம்பியர் உருகி உருகாது; ஆனால் இதயத் துடிப்பு நின்றுவிடலாம். மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் (வீடுகளில் ‘ட்ரிப் சுவிச்’ எனப்படுவது) உயிர்க்கம்பியிலும் நொதுமற்கம்பியிலும் பாயும் மின்னோட்டங்களை ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லியம்பியரை அடைந்தால் 0.3 செக்கனுக்குள் சுற்றைத் துண்டிக்கிறது.

3. புதுப்பிக்கும் ஒழுங்கு

(அ) பழைய கம்பிகளின் காவலியையும் புவித்தொடுப்பையும் முதலிற் சோதித்தல்.
(ஆ) மின்மானிக்குப் பின் தனியாக்கி, மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் என்பவற்றை முறையே பொருத்துதல்.
(இ) உருகிகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றின் கம்பித் தடிப்புக்கும் ஏற்ற சிறு சுற்றுடைப்பானைப் பொருத்துதல்.

இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும்.

கவனிக்க: மழைநாளில் சுற்றுடைப்பான் அடிக்கடி விழுந்தால் பழுது அதிலன்று, ஈரம் புகுந்த கம்பியிலோ உபகரணத்திலோ மின் கசிகிறது. அதைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி தொடுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பாருங்கள்.

மாதிரி வினா: ஒருவர் உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருங்கே தொட்டால் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் அவரைக் காக்குமா?

விடை: புவிக்கு மின் கசியாவிடின் காக்காது. இரு கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாக இருப்பதால் வித்தியாசம் பூச்சியமாகும்.