ஏற்காடு போறீங்களா? ஏரியோட திரும்பிடாதீங்க!

சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள். வாரக்கடைசியில் ஏற்காடு வரும் பலரும் படகு சவாரி, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் ஒரு செல்ஃபி எனச் சுற்றிவிட்டு மாலையே இறங்கிவிடுகிறார்கள். ஏரி பார்த்தாச்சு, சரி. ஊர்ப் பேரில் காடும் இருக்கே!

கட்டாயம் பார்க்க வேண்டியது சேர்வராயன் கோயில். சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழையும் சிறு குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலைக்கே பேர் கொடுத்த சாமி இவர். இங்குள்ள மலையாளி பழங்குடியினரின் தெய்வம் (கேரளாவோடு குழப்பிக்காதீங்க, இவர்கள் பேசுவது தமிழ்). மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் திரண்டு வரும். வெறும் வியூ பாயின்ட் என்று நினைத்து பாட்டிலை வீசிவிட்டு வருவது அவர்கள் கோயிலில் குப்பை போடுவதுதான்.

நேரமிருந்தால் ஆர்க்கிட் பூங்காவில் பூச்சி தின்னும் குடுவைச் செடியையும் பார்க்கலாம்.

இறங்கும்போது வந்த வழியை விடுங்க. கொட்டச்சேடு வழியாக குப்பனூர் ரோட்டைப் பிடிங்க. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபிதான் வழியெங்கும். நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொட்டச்சேடு தேக்கங்காட்டை மழைக்குப் பிறகு பாருங்க. கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும்.

கனமழை என்றால் மண்சரிவு அபாயம் உண்டு. ரோடு திறந்திருக்கா என்று விசாரித்துவிட்டு, இருட்டும் முன் இறங்கிடுங்க.