ஒரு மாட்டுக்கு ஐந்து நிமிடம்

பேராவூரணி வட்டாரத்தின் ஏதேனும் ஒரு தொடக்கப்பள்ளிக்குச் சென்று, வீட்டில் மாடோ ஆடோ வளர்ப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல கைகள் உயரும். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. தண்ணீர் வராத ஆண்டில் நெல் ஏமாற்றிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, கறவை மாட்டின் அருமையை இங்கு யாருக்கும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. அந்த மாட்டுக்கு நோய் வந்தால் அதைப் பார்ப்பவர் யார், எப்படிப் பார்க்க வேண்டும் என்று அரசு என்ன விதித்திருக்கிறது? நம் பாடநூல்கள் நோய்களைச் சொல்கின்றன. இந்த நடைமுறையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

முதலில், பார்ப்பவர் யார் என்பது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே கால்நடை மருத்துவர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. நம் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் அதற்கான கல்லூரி இருக்கிறது என்பதை உயர்நிலை வகுப்பு மாணவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது 2009ஆம் ஆண்டின் விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். கோமாரி, அடைப்பான், ஆட்டுக்கொள்ளை நோய், வெறிநோய், பறவைக் காய்ச்சல் போன்றவை இதன் அட்டவணையில் உள்ளன. இவற்றில் ஒன்று இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குள் நோயுற்ற மாட்டைத் தனியே கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது, பொதுக் குளத்திலோ ஆற்றிலோ தண்ணீர் குடிக்க விடக் கூடாது. வாய்க்காலில் ஊர் மாடுகள் எல்லாம் வரிசையாக இறங்கும் டெல்டாவில் இந்த ஒரு விதியின் பொருள் எளிதில் விளங்கும்.

மருத்துவர் வந்ததும் உடனே ஊசி போடுவார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் முதலில் செய்வது தள்ளி நின்று பார்ப்பது. மாடு அசை போடுகிறதா, மூக்குநுனி ஈரமாக இருக்கிறதா, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா என்று கவனிப்பார். பிறகு வெப்பமானியை ஆசனவாயில் வைப்பார். நலமான பசுவுக்கு ஏறத்தாழ 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். நாடித்துடிப்பை வாலின் அடிப்பகுதியில் விரல் வைத்துப் பார்ப்பார். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கையை அழுத்தினால் முதல் இரைப்பையின் அசைவு தெரியும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அசைந்தால் செரிமானம் சரி. கோமாரி என்று ஐயம் இருந்தால் நாக்கையும் ஈறுகளையும் குளம்பு இடுக்கையும் பார்ப்பார். கொப்புளம் அங்கேதான் வரும்.

அடைப்பானில் மட்டும் வழி வேறு. திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிந்தால் அந்த உடலை அறுத்துப் பார்க்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி சிதலாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காதுமடல் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதோடு சரி. பிறகு ஆழமாகப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். தோலுக்காக உரிப்பவருக்கே அந்நோய் வந்துவிடும் என்பதால் இதை வகுப்பில் அழுத்திச் சொல்லலாம்.

இறைச்சிக்கூடத்துக்கு இன்னும் கறாரான கணக்கு உண்டு. 2001ஆம் ஆண்டின் விதிகள்படி ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. ஒரு நாளில் 96க்கு மேல் கூடாது. ஐந்தாம் வகுப்பிடம் கொடுத்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்: ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம். கருவுற்ற விலங்கையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் வெட்ட அனுமதி இல்லை. வாகனத்தில் மாட்டை ஏற்றிச் செல்வதற்கும் தொற்றுநோய் இல்லை என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்பது 1978 முதல் உள்ள விதி. நெரிசலான சந்தை நாளில் இந்த ஐந்து நிமிடம் காப்பாற்றப்படுகிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் பார்க்காமல் எழுதிய சான்று, சான்று இல்லாததைவிடத் தீங்கானது. அது நோயோடு நம்பிக்கையையும் சேர்த்து ஊர்விட்டு ஊர் அனுப்புகிறது.

அப்படிப் பயணம் போன நோய்தான் வெக்கை. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அங்கே நோய் பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924இல் 28 நாடுகள் கூடிப் பாரிசில் உலக விலங்கு நல அமைப்பைத் தொடங்கின. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நம் மாநிலத்தின் வட ஆர்க்காடு பகுதியில். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. தடுப்பூசியோடு, ஊர் ஊராக நடந்து மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்களின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். நோயை மறைப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. சொன்னால் பால் விலைபோகாது, மாட்டை விற்க முடியாது என்ற அச்சம் நியாயமானதே. அதைக் கண்டித்துப் பேசினால் பிள்ளை வீட்டில் நடப்பதை நம்மிடம் சொல்லாது. கோமாரியில் பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், கன்று சாகும், பால் வற்றும்; ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் பக்கத்துக் கொட்டகை தப்பும் என்று கணக்காகச் சொன்னால் எடுபடும். மாட்டின் காதில் உள்ள 12 இலக்க எண்ணையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசியின் தேதியையும் நோட்டில் குறித்துவரச் சொல்லலாம். ஊசி தவறிய மாடுகள் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் 1962 என்ற எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் அது.