குதிர் குறைந்தால் மூளை சும்மா இருக்காது

கரந்தைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் போன வாரம் நடந்த பேச்சு இது. "எட்டு மாசம் ஊசி போட்டேன் தம்பி, பதினாலு கிலோ குறைஞ்சுது. கோர்ஸ் முடிஞ்சுதுன்னு நிறுத்தினேன். இப்ப ஒம்பது கிலோ திரும்பிடுச்சு. எனக்கு வாய்க்கட்டு இல்ல, வேற என்ன?" என்றார் ஒரு அண்ணன். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பேசி முடிக்கும்வரை வடைத்தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. இந்த மனிதருக்கா வாய்க்கட்டு இல்லை?

அவர் சொன்னதில் 'கோர்ஸ்' என்ற சொல்லில்தான் சிக்கல். அதை மெதுவாக அவிழ்த்துப் பார்ப்போம்.

எடை குறைக்கும் ஊசிகளில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில், வெகோவி அதே ஆண்டு ஜூனில். இரண்டும் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, 'போதும், இலையை மடிக்கலாம்' என்று மூளைக்குச் சேதி சொல்லும். ஜிஎல்பி-1 என்பது அதன் பெயர். நம் உடம்பில் ஊறுவது இரண்டொரு நிமிஷத்தில் சிதைந்துவிடும். ஊசியில் இருப்பது அதன் சாயலில் செய்தது; நாள்கணக்கில் நிற்கும். அதனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, சாப்பாட்டு நினைப்பே அடங்குகிறது. நிறுத்திய ஐந்தாறு வாரத்தில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். அந்தச் சேதியும் அதோடு போய்விடும்.

பசி திரும்புவது சரி, முன்னைவிட அதிகமாகத் திரும்புகிறதே, அது ஏன்? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் குதிர் இருக்கும். எவ்வளவு நெல் மிச்சம் என்று பார்க்கப் பாட்டி மூடியைத் திறக்கமாட்டாள், வெளியே விரலால் தட்டுவாள். சத்தம் கெட்டியாக வந்தால் நெல் இருக்கிறது. 'டொம்' என்றால் காலி. உடம்புக் கொழுப்புதான் நம் குதிர். லெப்டின் என்ற ஹார்மோன்தான் அந்தச் சத்தம். கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் அதைக் கண்டுபிடித்தது. கொழுப்பு கரைந்தால் சத்தம் மாறும். பல வருஷமாக எந்த அளவுக்குப் பழகியதோ அதையே நிறைகுதிர் என்று மூளை கணக்கு வைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோ குறைந்தால் அதற்கு அது பஞ்சம். பசியைத் தூண்டும், சக்திச் செலவைச் சுருக்கும். உடம்பே இலேசாகிவிட்டதால் நடக்க, நிற்க ஆகும் செலவும் குறைந்துதான் இருக்கும்.

இந்தப் பஞ்சக் கணக்கு சீக்கிரம் தீராது. மெல்போர்னில் 50 பேரை 10 வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2011-இல் வெளிவந்த ஆய்வு அது; அதில் ஊசியே கிடையாது. ஆக, குற்றம் ஊசி மேலும் இல்லை, அண்ணனின் நாக்கு மேலும் இல்லை.

'கோர்ஸ்' என்பது டைபாய்டுக்குச் சரி. கிருமி செத்தது, மாத்திரை முடிந்தது. ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்தி, பிரஷர் ஏறினால், "எனக்கு மன உறுதி இல்லை" என்று யாராவது அழுகிறார்களா? மாத்திரை இருக்கும்வரை அடங்கியிருந்தது, இல்லாதபோது ஏறியது, அவ்வளவுதான். உடல் பருமனும் அந்த வகைதான். எடைக்கு மட்டும் ஏனோ மானத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டோம்.

எவ்வளவு திரும்பும்? செமாக்ளூட்டைட், அதாவது வெகோவியில் இருக்கும் மருந்து, போட்டவர்களை நிறுத்திய பிறகும் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. 90 கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால் 74-க்கும் 75-க்கும் நடுவில் வந்தவர், நிறுத்திய ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 85-இல் நின்றார். குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊசியோடு சேர்த்து உணவு, உடற்பயிற்சி ஆலோசனையையும் அந்த ஆய்வில் நிறுத்தியிருந்தார்கள். டென்மார்க்கில் இதே இனத்து மருந்தோடு ஒரு வருஷம் முறையாக உடற்பயிற்சியும் செய்தவர்கள், மருந்து மட்டும் போட்டவர்களைவிட, எல்லாம் நின்ற பிறகும் அதிகமாகத் தாக்குப்பிடித்தார்கள்.

ஒன்று நிற்கும் முன்பே அடுத்ததை ஊன்றுவது டெல்டாக்காரருக்குப் புதிதில்லை. ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். தண்ணீர் நின்றபிறகா உளுந்து தெளிக்கிறோம்? சம்பா நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரவயலில் விசிறிவிடுவோம். அடியில் மிஞ்சிய ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும். (அறுவடை இயந்திரம் வந்தபின் இந்தப் பழக்கம் தேய்ந்தது வேறு கதை.) ஊசிக் காலமும் அப்படித்தான். பசி அடங்கியிருக்கும் அந்த மாதங்களில்தான் பழக்கம் ஊன்றும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. அதனால் வாரம் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி, ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, முட்டை, மீன் என ஏதாவது ஒன்று. இந்தியர் சாப்பாட்டில் 62 சதவீதச் சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் ஐசிஎம்ஆரும் நடத்திய ஆய்வு சொல்கிறது. நெல் விளையும் ஊரில் சோற்றை விடச் சொல்லவில்லை. கரண்டியைச் சின்னதாக்கி, குழம்புக் காயைக் கூட்டினால் போதும்.

இத்தனையும் செய்தாலும் சிலருக்கு ஏறும். அவர்களுக்கு மருந்து தொடர்ந்து தேவைப்படலாம். மவுன்ஜாரோ வந்தபோது ஆரம்ப அளவுக்கே வாரம் 3,500 ரூபாய், மாதம் 14,000. பாதியில் நிறுத்துவோர் பலருக்கு அதுதான் காரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்துவதாக இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், எடை பாருங்கள். மூன்று கிலோ ஏறியதுமே போய் நில்லுங்கள், பத்து ஏறும்வரை ஒளியாதீர்கள். சர்க்கரை நோய்க்காக இதே ஊசி போடுகிறவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. எடைக்கு முன்னால் சர்க்கரை ஏறிவிடும்.