கூட்டு ஆராய்ச்சி மானியங்களும் தலைமை ஆராய்ச்சியாளரின் பொறுப்பும்

கடலூர் மாவட்டத்தில் குள்ளஞ்சாவடியைச் சூழ்ந்த செம்மண் மேட்டுநிலங்களில் முந்திரி முக்கியமான பணப்பயிராகும். இம்மரத்திற்கு நேரும் கேடுகள் பல. தண்டையும் வேரையும் துளைக்கும் வண்டு, நன்கு காய்த்துவரும் மரத்தையே பட்டுப்போகச் செய்கின்றது. தேயிலைக் கொசு என்னும் பூச்சி இளந்தளிரையும் பூங்கொத்தையும் கருக்குகின்றது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயலில், பல்லாண்டு வளர்ந்த முந்திரி மரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. இக்கேடுகளுக்குப் பரிகாரம் காண்பது ஒரு துறையினரால் மட்டும் ஆவதன்று. பூச்சியியல் அறிந்தோர், ரகங்களை உண்டாக்குவோர், மண்ணின் தன்மை ஆராய்வோர் ஆகிய பலரும் ஒன்றுகூட வேண்டும். இவ்வாறு பல ஸ்தாபனங்கள் கூடி மானியம் கோரும்பொழுது, தலைமை தாங்கத் தகுதியுடையவர் யார், அவர் எதற்கெல்லாம் பொறுப்பாளி என்னும் கேள்விகள் எழுகின்றன. பரிசோதனைகளிற் பல குடியானவர்களின் நிலத்திலேயே நடைபெறுவதால், நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

கூட்டு முறை வளர்ந்த வகை

லின்லித்கோ பிரபுவின் தலைமையில் 1926-இல் அமைக்கப்பட்ட ராயல் விவசாயக் கமிஷன், 1928-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் சிபார்சின்படி 1929-இல் தோன்றிய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில், 1946 முதல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் என வழங்கி வருகின்றது. ஒரே பயிரைப் பல மாகாணங்களிலுள்ள நிலையங்கள் ஒரே திட்டத்தின்கீழ் ஆராயும் ஏற்பாடு 1957-இல் மக்காச்சோளத்தில் தொடங்கிற்று. முந்திரிக்கும் வாசனைப் பொருள்களுக்கும் அத்தகைய திட்டம் 1971-இல் ஏற்பட்டது. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் அவ்வழியில் முந்திரி ஆராய்ச்சி செய்யும் மையங்களுள் ஒன்று.

இவ்வேற்பாட்டில் எந்நிலையம் எவ்வேலையைச் செய்வது என்பதைக் கவுன்சிலே வகுத்துவிடும். பின்னர்ப் போட்டி முறையில் மானியம் வழங்கும் வழக்கம் பெருகியது. 2006 முதல் 2014 வரை உலக வங்கியின் உதவியோடு நடந்த தேசிய விவசாயப் புதுமைத் திட்டத்தில், பல ஸ்தாபனங்கள் கூட்டாகச் சேர்ந்து விண்ணப்பித்தன. அவற்றுள் ஒன்று தலைமை ஸ்தாபனம். அதிலுள்ள ஒருவர் கூட்டு முழுவதற்கும் தலைமை ஆராய்ச்சியாளர். ஏனைய ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றிலும் ஒருவர் துணை ஆராய்ச்சியாளர். இம்முறையே சிற்சில மாற்றங்களுடன் இன்றும் பல நிதி ஸ்தாபனங்களில் வழங்குகின்றது.

தலைமைக்குரிய தகுதி

விதிகள் நிதி வழங்கும் ஸ்தாபனத்திற்கு ஏற்ப வேறுபடும். எனினும் பெரும்பாலானவற்றிற் பொதுவாகக் காணப்படுபவை வருமாறு:

(1) தலைமை ஆராய்ச்சியாளர் அங்கீகாரம் பெற்ற கல்லூரி, சர்வகலாசாலை அல்லது ஆராய்ச்சி நிலையத்தில் நிரந்தரமான பதவி வகிப்பவராயிருத்தல் வேண்டும். தாற்காலிக ஊழியர் துணையாகச் சேரலாமேயன்றித் தலைமை ஏற்பது அரிது.

(2) திட்டம் முடியும்வரை அவருக்குப் பணிக்காலம் எஞ்சியிருத்தல் வேண்டும். இடையில் ஓய்வு பெறுவாராயின், அப்பொறுப்பை ஏற்கக்கூடிய மற்றொருவர் பெயர் விண்ணப்பத்திலேயே காட்டப்பட வேண்டும்.

(3) ஸ்தாபனத் தலைவரின் ஒப்புதல் எழுத்து மூலம் இணைக்கப்பட வேண்டும். மானியம் தனியொருவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. அது ஸ்தாபனத்தின் பெயரில் வரவு வைக்கப்படுகின்றது.

(4) ஒரே வேலைக்கு வேறிடத்திலும் பணம் பெற்றிருத்தலாகாது. முன்பெற்ற மானியத்தின் கணக்கும் அறிக்கையும் நிலுவையின்றி முடிந்திருத்தல் நலம்.

இரண்டாவது விதி முந்திரிக்காரர்களுக்கு மிகவும் முக்கியமானது. பெரும்பாலான மானியங்களின் ஆயுள் மூன்று ஆண்டுகளே. முந்திரி ஒட்டுக்கன்றோ நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். முழுப் பலன் அதற்கும் பல ஆண்டுகள் சென்ற பின்னரே. முதலாண்டில் நட்ட பரிசோதனைத் தோப்பு காய்ப்புக்கு வரும் தறுவாயில் மானியம் முடிந்துவிடும். அதே சமயத்தில் தலைமை ஆராய்ச்சியாளரும் மாற்றலாகிச் சென்றுவிட்டால், எந்த வரிசையில் எந்த ரகம், எந்த மரத்திற்கு எந்த மருந்து என்பதைச் சொல்வாரின்றிப் போகும். நிலத்தைக் கொடுத்தவருக்கு மிஞ்சுவது பெயர் தெரியாத மரங்களே. ஆதலின், மானியம் முடிந்த பின் தோப்பைப் பார்வையிடுபவர் யார், குறிப்புப் புத்தகத்தின் பிரதி யாரிடம் இருக்கும் என்பவற்றை நடவுக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தலைமையின் கடமைகள்

வேலைத் திட்டத்தை வகுப்பதும், ஒவ்வொரு ஸ்தாபனத்திற்கும் உரிய பங்கையும் பணத்தையும் பிரிப்பதும், வருஷாந்தர அறிக்கையை ஒழுங்காக அனுப்புவதும் தலைமை ஆராய்ச்சியாளரின் கடமைகள். செலவு செய்த பணத்திற்குரிய உபயோகச் சான்றிதழை, 2017-ஆம் வருஷத்திய மத்திய சர்க்கார் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் ஸ்தாபனம் அனுப்ப வேண்டும். மானியப் பணத்தில் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ வாங்கிய பொருள்களைச் சர்க்காரின் முன்னனுமதியின்றி விற்றலும் வேறு காரியத்திற்குத் திருப்புதலும் கூடா.

இதிலிருந்து குடியானவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. தம் தோப்பில் அமைக்கப்பட்ட சொட்டுநீர்க் குழாயும், மழைமானியும், மற்றக் கருவிகளும் திட்டம் முடிந்ததும் தமக்கே உரியன என்று அவர் எண்ணிவிடலாகாது. அவை யாரைச் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

துணை ஆராய்ச்சியாளர் தம் ஸ்தாபனத்திற்கு ஒதுக்கிய வேலைக்கும் பணத்திற்கும் பொறுப்பாளி. எனினும் ஒரு பங்காளி தவறினால் முழுத் திட்டத்தின் தாமதத்திற்கும் பதில் கூற வேண்டியவர் தலைமை ஆராய்ச்சியாளரே. குடியானவரிடம் வருவோர் பெரும்பாலும் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட இளம் ஆராய்ச்சி உதவியாளர்களாவர். அவர்கள் வாய்மொழியாகத் தரும் வாக்குறுதி ஸ்தாபனத்தைக் கட்டுப்படுத்தாது. தலைமை ஆராய்ச்சியாளர் கையொப்பமிட்ட எழுத்தே துணையாகும்.

குடியானவரின் இடம்

குடியானவர் தாமே தலைமை ஆராய்ச்சியாளராக விண்ணப்பிக்கலாமா எனின், மேற்கூறிய முதல் விதியால் அது பொதுவாக இயலாது. ஆயினும் அவர் வெறும் நிலம் கொடுப்பவரும் அல்லர். விருத்தாசலம் நிலையத்தார் 1991-இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி ரகம், இடையஞ்சாவடியிற் கண்டெடுத்த நல்விளைச்சல் மரம் ஒன்றின் வழியில் வந்தது. நல்ல மரம் எங்குள்ளது என்பதை முதலில் அறிபவர் தோப்புக்காரரே.

2001-ஆம் வருஷத்திய பயிர் ரகங்கள் பாதுகாப்பு, குடியானவர் உரிமைச் சட்டம் இதை ஏற்கின்றது. அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பயிர்களில், புதிய ரகம் கண்ட குடியானவர் அதைத் தம் பெயரிலேயே பதிவு செய்யலாம். தாம் தந்த மூலப்பொருளைக்கொண்டு பிறர் உண்டாக்கிப் பதிவு செய்த ரகத்தில் பலனில் பங்கு கோரவும் வழியுண்டு. தாமே கண்ட கருவி அல்லது உபாயத்தை உடையோர், 2000-ஆம் ஆண்டு தோன்றிய தேசியப் புதுமை ஸ்தாபனத்திற்குத் தெரிவிக்கலாம். அங்குப் பட்டமும் பதவியும் கேட்கப்படுவதில்லை.

கையொப்பத்திற்கு முன் கவனிக்க வேண்டியவை

நிலத்தைக் கொடுக்க இசையுமுன் தலைமை ஆராய்ச்சியாளரின் பெயரும் பதவியும், திட்டத்தின் காலவரை, மகசூல் யாருக்கு, பயிர் நஷ்டமானால் ஈடு உண்டா, ஒட்டுக்குச்சியோ விதையோ எடுத்துச் சென்றால் அது யாருடைய பெயரில் பதிவாகும், முடிவுகள் தமிழில் எப்பொழுது தெரிவிக்கப்படும் என்னும் ஆறு விஷயங்களும் ஒரே தாளில் எழுதப்பட வேண்டும். இரு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் குடியானவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் பரிசோதனைப் பயிரையும் வழக்கம்போல் அடங்கலில் பதிதல் வேண்டும். புயலோ வெள்ளமோ நேர்ந்து சேதம் கணக்கிடும்பொழுது அப்பதிவே சான்றாகும். 2002-ஆம் வருஷத்திய உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி அமையும் உள்ளூர்க் குழுவின் பதிவேட்டில், ஊரிலுள்ள சிறப்பான மரங்களையும் ரகங்களையும் எழுதிவைப்பதில் ஊராட்சித் தலைவர் கருத்தூன்ற வேண்டும். இன்று எழுதப்படும் ஒரு வரி, நாளை அம்மரத்திலிருந்து ஒரு ரகம் பிறக்குமாயின் அதற்குரியவர் இன்னாரென்று நிலைநாட்டும்.

தோப்பில் ஆராய்ச்சியை வரவேற்பது குடியானவர்களுக்கு நன்மையே. பொறுப்பு யாருடையது என்பதைக் கேட்டு, எழுத்தில் பெற்று, அதன்பின் இடங்கொடுப்பார்களாயின் அந்நன்மை அவர்களுக்கு முழுமையாகக் கிட்டும்.