ஆறு சதவீத இடைவெளி

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து அமைத்த மையம் அது. அதன் முதல் கேள்வி எளியது; ஆனால் லட்சக்கணக்கான உயிர்களைத் தொட்டது. காசநோய் வந்தவர் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் படுத்தே ஆக வேண்டுமா? வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா? நோயாளிகள் எண்ணற்றவர்கள், படுக்கைகளோ சொற்பம்.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் போல, யார் விருப்பமும் கலக்காத முறையில் இரண்டாகப் பிரித்தது. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான வீடும் ஏழைச் சாப்பாடும்தான். ஓராண்டு முடிவில், நோய் அடங்கிச் சளியில் கிருமி இல்லாதவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

அப்படியானால் சானடோரியம்தானே வென்றது?

புள்ளியியல் சோதனை இங்கேதான் நுழைகிறது. இடம் எதுவானாலும் பலன் ஒன்றுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் முடிவுகளை, 'குணம்' என்றும் 'குணமில்லை' என்றும், சீட்டுகளில் எழுதிக் கலக்குகிறோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குவியலாகப் பிரிக்கிறோம். இரண்டிலும் 'குணம்' சீட்டுகள் அச்சாக ஒரே அளவில் விழுவது அபூர்வம். ஏதாவது வித்தியாசம் வரத்தான் செய்யும். ஆறு சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் எத்தனை முறை வரும்? 193 பேரில் இறுதிக் கணக்கில் வந்தவர்கள் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 80 பேர் என்று கொண்டால், ஐந்துக்கு ஒரு முறைக்குக் குறையாமல் வரும். அவ்வளவு சாதாரணமாகத் தற்செயலே உண்டாக்கக்கூடிய இடைவெளியை இடத்தின் மகிமை என்று சொல்ல முடியாது. வழக்கமாக இருபதுக்கு ஒரு முறைக்கும் குறைவாக வரக்கூடிய வித்தியாசத்தையே 'முக்கியத்துவம் உடையது' என்கிறார்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட நூலால் பரவிய வரம்பு அது. வசதிக்காக ஏற்றுக்கொண்ட கோடுதான், இயற்கை விதி அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க, 1948-ல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். சீட்டுகளைக் கலக்கினால் இப்படி ஓர் இடைவெளி நூற்றுக்கு ஒரு முறைகூட வராது. நோயாளிகள் குறைவுதான்; ஆனால் வித்தியாசம் பெரிது என்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

சேத்துப்பட்டுக் கணக்கில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 'முக்கியமான வித்தியாசம் தெரியவில்லை' என்பதை 'வித்தியாசமே இல்லை' என்று படித்துவிடுகிறோம். சோதனை அப்படிச் சொல்லவில்லை. அந்த அளவு ஆட்களை வைத்துப் பார்த்தால், உண்மையில் வீட்டுச் சிகிச்சை பதினைந்து சதவீதம் வரை பின்தங்கியும் இருக்கலாம், சில சதவீதம் முந்தியும் இருக்கலாம்; இரண்டுக்கும் அந்தத் தரவு இடம் கொடுக்கிறது. ஆய்வு சிறியதாக இருந்தால், உண்மையான வித்தியாசமும் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

இந்த ஆய்வாளர்களை நான் மதிப்பது இதனால்தான்: ஒரே ஒரு கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோய் திரும்புவதிலும் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் கூட இருந்த குடும்பத்தாரையும் பரிசோதித்தார்கள். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகத் தெரியவில்லை. சத்துணவும் ஓய்வும் இல்லாமலேயே 86 சதவீதத்தினரிடம் நோய் அடங்கியதை எடைபோட்டார்கள். அந்த முழுச் சித்திரமே அவர்களை முடிவுக்குக் கொண்டுவந்தது.

முதல் முடிவுகள் 1959-ல் வெளியாயின. பிறகு உலகின் பல நாடுகளில் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. இனி ஒரு மருந்துச் செய்தியில் 'முக்கியத்துவம் உண்டு', 'இல்லை' என்று படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? வித்தியாசம் எவ்வளவு?