ஓ.இ.டி.: படிப்புக்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு?

வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் படித்தல் பகுதிக்கு 60 நிமிடம், 42 கேள்விகள். அதில் ஆளைக் கவிழ்ப்பது முதல் 15 நிமிடம். பார்ட் ஏ என்பார்கள். ஒரே நோயைப் பற்றி நான்கு சிறு தாள்கள் தருவார்கள்: ஒன்றில் மருந்தளவு அட்டவணை, இன்னொன்றில் சிகிச்சை வழிமுறை, மற்றொன்றில் அறிகுறிகள் என்று இருக்கும். அவற்றிலிருந்து 20 விடைகளை எடுக்க வேண்டும். 15 நிமிடம் முடிந்ததும் அந்தப் பகுதி போய்விடும். மீதி 45 நிமிடத்தில் திரும்பிவந்து ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

பல வருடம் ஐ.சி.யு.வில் நின்ற நர்ஸ்கூட இங்கே தடுக்கி விழுவது உண்டு. பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்ட நோயாளியைப் பற்றிய தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த மாதிரியை எப்போது எடுக்க வேண்டும் என்று கேள்வி. நம் வார்டு வழக்கத்தை நினைத்து ஒருவர் விடை எழுதிவிடுகிறார். தாளிலோ, விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகு என்று தெளிவாக இருக்கிறது. தாளில் இருப்பதுதான் விடை. அனுபவத்துக்கு மார்க் கிடையாது. அடுத்த கேள்விக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்று சரியாகக் கண்டுபிடித்தும் ஒரு எழுத்தை விட்டுவிட்டால், அதுவும் போச்சு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பும் நம் செவிலியர்கள் இழக்கும் பணத்தில் ஒரு பெரும்பங்கு, தேர்வு எதைக் கேட்கிறது என்று தெரியாமல் கட்டிய பணம். தெரியாத இடத்தில் பயம் வரும். பயம் இருக்கும் இடத்தில் கடை போட ஆள் வந்துவிடுவார்கள்.

முதல் கடை, சொல் பட்டியல். ‘5,000 மருத்துவச் சொற்கள், நர்சிங் ஸ்பெஷல் ரீடிங் மெட்டீரியல்’ என்று வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். விற்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான இந்தத் தேர்வு 12 மருத்துவத் தொழில்களுக்கு நடக்கிறது. அவரவர் தொழிலுக்கேற்ப மாறுவது எழுத்தும் பேச்சும் மட்டும்தான். படித்தலும் கேட்டலும் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பல் மருத்துவர் எல்லோருக்கும் ஒரே தாள். ஆகவே ரீடிங்கில் ‘நர்சிங் ஸ்பெஷல்’ என்று ஒன்று இருக்க வழியே இல்லை. அதைச் சொல்லி விற்கிறவருக்குத் தேர்வே தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார். எதுவானாலும் அவரிடம் படிக்க வேண்டியதில்லை.

தவிர, ஜி.என்.எம். முடித்தவருக்கே மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் தெரியும். டாக்கிகார்டியா என்றால் யாரும் விழிப்பதில்லை. விழிக்க வைப்பது சாதாரண ஆங்கிலம். பார்ட் சி-யில் சுமார் 800 வார்த்தைக் கட்டுரைகள் இரண்டு வரும், ஒவ்வொன்றுக்கும் 8 கேள்விகள். கட்டுரையாளர் ஒரு புதிய சிகிச்சையைப் புகழ்ந்துகொண்டே போய், நடுவில் ‘ஹவ்எவர்’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் திருப்பிவிடுவார். அவருக்கு இதில் நம்பிக்கையா, தயக்கமா, எரிச்சலா என்பதுதான் கேள்வி. ‘ரிலக்டன்ட்’, ‘ஸ்கெப்டிக்கல்’, ‘அண்டர்மைன்’ மாதிரிச் சொற்கள் எந்த மருத்துவ அகராதியிலும் முதல் பக்கத்தில் இருக்காது. பத்திரிகை ஆங்கிலத்தில் தினமும் வரும்.

பார்ட் ஏ-க்கும் சொல் வேண்டும்தான், ஆனால் தனித்தனியாக அல்ல, கூட்டம் கூட்டமாக. கேள்வியில் ‘ஸ்டாப்’ என்று இருந்தால் தாளில் ‘சீஸ்’ என்றோ ‘டிஸ்கன்டின்யூ’ என்றோ இருக்கும். ‘வித்ஹோல்டு’ இருந்தால் அது வேறு, இந்த வேளை டோஸைக் கொடுக்காதே என்பது மட்டும். ‘டேப்பர்’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்து. வார்டில் நோயாளிக்கு ஆபத்து வரும் இடமும் இதேதான் என்பதால், இந்தச் சொற்களுக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

பயிற்சிக்கான தாள் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. தேர்வு நடத்தும் அமைப்பே தன் இணையதளத்தில் மாதிரித் தாள்களை இலவசமாகத் தருகிறது. அதற்கு முன்பே, நீங்கள் வேலை பார்க்கும் வார்டிலேயே பாதி இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள், நடையில் பார்ட் ஏ-க்கு நெருங்கிய உறவு. இன்ஃப்யூஷன் பம்ப் கையேடு, தொற்றுத் தடுப்புக் குழு ஒட்டும் சுற்றறிக்கை ஆகியவை, பணியிடக் குறிப்புகள் வரும் பார்ட் பி மாதிரி. பார்ட் சி-க்கு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களின் கருத்துக் கட்டுரைகள் ஏற்றவை. நைட் டூட்டியில் தூக்கத்தை விரட்ட ரீல்ஸ் பார்ப்பதற்குப் பதில், ஒரு மருந்துத் தாளை எடுத்து 4 நிமிடம் டைமர் வைத்து ஐந்து விடைகளைத் தேடுங்கள். வேகம் இப்படித்தான் வரும். வகுப்பில் உட்கார்ந்து கேட்பதால் வராது.

இதனால் கோச்சிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும், திருத்திச் சொல்ல ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் உண்மையிலேயே உதவும். ரீடிங்குக்குத் தனியாக ஒரு பெரிய தொகை கேட்டால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்தது மதிப்பெண். எவ்வளவு வேண்டும் என்பதைக் கோச்சிங் சென்டரிடம் கேட்காதீர்கள். நீங்கள் போகும் நாட்டின் நர்சிங் கவுன்சில் என்ன சொல்கிறது என்று அதன் தளத்திலேயே பாருங்கள். பிரிட்டனின் என்.எம்.சி. படித்தல், கேட்டல், பேச்சில் பி கிரேடு, அதாவது 350 கேட்கிறது. எழுத்துக்கு 300, சி பிளஸ் போதும். ஓ.இ.டி.க்குப் பதில் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினால் அந்த மூன்றில் 7, எழுத்தில் 6.5. ஒரே தடவையில் வராவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். நம் ஆட்கள் இதைத்தான் கிளப்பிங் என்கிறார்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: படித்தலிலோ கேட்டலிலோ பேச்சிலோ எந்தத் தேர்விலாவது சி பிளஸ்சுக்குக் கீழே போயிருந்தால் கிளப்பிங் நடக்காது. ஆக, ஒரு மாட்யூல் போய்விட்டதால் எல்லாம் போனது என்று அழவும் வேண்டாம், மறுபடி முழு கோர்ஸுக்குப் பணம் கட்டவும் வேண்டாம்.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் கிளப்பிங்குக்கான காலம் முன்பு 6 மாதம். 2023-ல்தான் 12 ஆனது. ஆஸ்திரேலியா 2025 மார்ச்சில் எழுத்துக்கான அளவைக் குறைத்தது: ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் 7 என்பது 6.5 ஆயிற்று, ஓ.இ.டி.யில் பி என்பது சி பிளஸ். பழைய நோட்டீசை வைத்துக்கொண்டு ‘ரைட்டிங் பூஸ்டர்’ விற்கிறவர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

இனி, பணத்தோடு பேரும் போகக்கூடிய இடங்கள். டெலிகிராமில் ‘ரீகால்’ என்று ஒன்று ஓடும். முந்தைய தேர்வில் வந்த கேள்விகள், அடுத்த வாரமும் இதுவே வரும் என்பார்கள். பெரும்பாலும் அது பழைய மாதிரித் தாளைக் கலைத்துப்போட்டதுதான். உண்மையிலேயே கசிந்த தாளாக இருந்தால் இன்னும் மோசம்: அதை வைத்து எழுதியது தெரியவந்தால் முடிவை நிறுத்திவைப்பார்கள், ரத்தும் செய்வார்கள்.

அதைவிடக் கொடியது, தேர்வே எழுதாமல் சான்றிதழ், ‘ஸ்கோரை சிஸ்டத்திலேயே ஏற்றித் தருகிறோம்’ என்பது. நர்சிங் கவுன்சில்கள் காகிதத்தைப் பார்த்து நம்புவதில்லை. தேர்வு அமைப்பின் பதிவேட்டில் நேரடியாகச் சரிபார்க்கின்றன. மாட்டிக்கொண்டால் பிரிட்டன் விசாவுக்கு மோசடி என்ற காரணத்தில் 10 வருடம் வரை தடை வரும். இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணத்தை மெய்யானதாகப் பயன்படுத்துவதே தனிக் குற்றம். ‘ஏஜென்ட் கொடுத்தார், எனக்குத் தெரியாது’ என்பது எளிதில் எடுபடாது. நைஜீரியாவின் இபாடன் நகரில் ஒரு தேர்வு மையத்தில் நர்சிங் அறிவுக்கான கணினித் தேர்வில் (ஆங்கிலத் தேர்வு அல்ல) நடந்த ஆள்மாறாட்டம் 2023-ல் வெளியே வந்தபோது, அங்கே எழுதிய அத்தனை பேரின் முடிவையும் என்.எம்.சி. ஏற்க மறுத்தது. நேர்மையாக எழுதியவர்களும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. மையத்தைத் தேர்ந்தெடுப்பதில்கூட எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது போதும்.

மூன்றாவது, பேக்கேஜ். கோச்சிங், தேர்வு, விசா, வேலை எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இடம் வெளிநாட்டு வேலைக்கும் ஆள் எடுக்கிறது என்றால், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அதற்கு ஆட்சேர்ப்பு உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்; இரண்டு நிமிட வேலை. உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பிரிட்டன் அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறையோ, வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்கிறது. அந்த நெறிமுறைக்கு உட்பட்ட ஏஜென்சிகளின் பட்டியலை என்.ஹெச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் வெளியிடுகிறது. லட்சங்களில் பேசுகிறவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். 2024 முதல் பிரிட்டனில் வெளிநாட்டு நர்ஸ் ஆட்சேர்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. கேர் ஒர்க்கர் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-உடன் நின்றுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி முன்பணம் கேட்பவர் உண்டு.

பேக்கேஜோடு சேர்ந்து வருவது ஒரிஜினல் சான்றிதழ். ‘கோர்ஸ் முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்’ என்பார்கள். கொடுக்காதீர்கள். படிப்புச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார், அப்புறம் நீதிமன்றம். எழுத்தில் கேட்ட உடனேயே சான்றிதழ் கைக்கு வந்துவிடுவதும் உண்டு.

பணத்துக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ‘100 சதவீத வெற்றி கேரண்டி’ என்று கோச்சிங் சென்டர்கள் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தடுக்கிறது. தேறியவரின் படத்தை அவர் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் போடுவதையும்தான். ஏமாந்தவர் முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதின் அடியில் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். ஒருதலைப்பட்சமான அந்த வாசகத்தை வைத்து ஆணையத்தின் வாயை அடைக்க முடியாது.

தேவைப்படுவது ஆதாரம். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். யு.பி.ஐ. என்றால் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறதா, யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கா என்று பாருங்கள். போனில் வாக்குறுதி கொடுத்தால், ‘நீங்கள் சொன்னது இதுதானே சார்?’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். நோட்டீசைப் படம் எடுத்து வையுங்கள், மறுநாள் கிழித்துவிடுவார்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் காத்திருக்காமல் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். வேலை ஏஜென்ட் ஏமாற்றினால் 1800 11 3090, அல்லது சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம். போகும் முன் விசாரிக்க, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு தாட்கோ இந்த ஆங்கிலத் தேர்வுகளுக்கான பயிற்சியை அவ்வப்போது அறிவிக்கும். நாளிதழில் மூலையில் வருவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

மதிப்பெண் நியாயமில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பி வரும். ஓ.இ.டி.யிலும் விண்ணப்பிக்கும் வழி உண்டு, காலக்கெடு குறுகியது. எழுத்திலோ பேச்சிலோ ஒரு படிதான் குறைகிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம். ரீடிங்கில் அதற்குச் செலவழிப்பதைவிட அடுத்த தேர்வுக்கு உட்காருவது நல்லது.

எப்போது எழுதுவது என்பதும் ஒரு கணக்கு. என்.எம்.சி.க்கு மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டு வருடம். படிப்பு முடித்த கையோடு 30,000 ரூபாய்க்கு மேல் கட்டி ஓ.இ.டி.யை முடித்துவிட்டு, அனுபவச் சான்றுக்கும் கவுன்சில் வெரிஃபிகேஷனுக்கும் அலைந்து கொண்டிருப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். எந்த நாடு என்று முடிவு செய்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாம் கைக்கு வரும் தறுவாயில் தேர்வுத் தேதியைப் போடுங்கள். அதுவரைக்கும் மருந்துப் பெட்டித் தாள் இருக்கிறது.